தாங் காலச் சீனப் பிரிவுக் கவிதைகளை வாசிக்கும் முறை

பழைய சீனக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் முதன்முறையாகப் படிக்கும் ஒருவருக்கு, நண்பர்கள் பிரியும் கவிதைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஒருவர் புறப்படுகிறார், இன்னொருவர் மது வார்க்கிறார், அருகில் ஒரு வில்லோ மரம் நிற்கிறது, கடைசி அடியில் மேகமோ மழையோ ஆறோ வந்து கவிதையை முடித்துவைக்கிறது. பத்துக் கவிதைகளைப் புரட்டியதும் அலுப்புத் தட்டிவிடுகிறது. அவற்றைப் பொதுவான சோகப் பாடல்களாகப் படிப்பதனால் வரும் அலுப்பு அது. இக்கவிதைகளில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட ஊரில், பெயர் தெரிந்த ஒரு மனிதருக்கென்று எழுதப்பட்டவை. போகிறவர் யார், எங்கே போகிறார், எதற்காகப் போகிறார், திரும்பி வருவதற்கு வாய்ப்பு உண்டா என்பவை தெரிந்த பிறகு படித்தால், ஒரே வில்லோ மரம் ஒவ்வொரு கவிதையிலும் வேறொரு செய்தியைச் சொல்வது புலப்படும்.

ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜியாங் யான் என்பவர், பிரிவையே பொருளாகக் கொண்டு ஒரு நெடும் படைப்பு எழுதியிருக்கிறார். மனத்தை இருளச்செய்து உயிரை உருக்குவது பிரிவு ஒன்றே என்று தொடங்கும் அப்படைப்பு, பிரிவு ஒன்றுதான் என்றாலும் அதன் நிகழ்வுகள் பத்தாயிரம் வகை என்று அடுத்துச் சொல்கிறது. செல்வர் பிரிவது வேறு, போர்வீரர் பிரிவது வேறு, கணவன் மனைவி பிரிவது வேறு என்று அவர் வகைபிரித்துப் பார்க்கிறார். அந்தக் கண்ணோடு படிப்பதே நமக்கும் வேண்டியது.

தலைப்பிலிருந்து தொடங்குங்கள்

நம்மில் பலர் தலைப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் அடிக்குப் போய்விடுகிறோம். தாங் காலக் கவிதையில் அப்படிச் செய்யக் கூடாது. கி.பி. 618 முதல் 907 வரை ஆண்ட தாங் அரசில் படித்தவர்களின் வாழ்க்கை அரசுப் பதவியைச் சுற்றியே அமைந்திருந்தது. தேர்வெழுதத் தலைநகர் சாங்ஆனுக்கு வர வேண்டும். தேறினால் எங்கோ ஒரு மாவட்டத்துக்குப் போக வேண்டும். சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊருக்கு மாற வேண்டும். அரசவையில் யாருடைய சினத்துக்காவது ஆளானால் பதவி இறக்கப்பட்டு நோய் மலிந்த தெற்குப் பகுதிகளுக்குப் போக வேண்டும். ஆகவே நண்பர்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருந்தார்கள். புறப்படுகிறவருக்கு விருந்து வைத்து, வந்தவர்கள் கவிதை எழுதிக் கொடுப்பது அன்றைய நாகரிகத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இந்தச் சூழல் முழுவதையும் தலைப்பு சில சொற்களில் அடக்கிவைத்திருக்கும்.

தலைப்பில் முதலில் பார்க்க வேண்டியது, எழுதியவர் போகிறவரா, இருப்பவரா என்பது. 'வழியனுப்புதல்' என்று தொடங்கினால் கவிஞர் தங்குகிறார், நண்பர் போகிறார். 'பிரிந்து விட்டுச்செல்வது' என்று தொடங்கினால் போகிறவரே கவிதையை எழுதிப் பின்னே தங்குபவர்களிடம் கொடுத்திருக்கிறார். 'அனுப்புவது' என்று இருந்தால் இருவரும் ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள். கவிதை வழிப்போக்கர் கையில் நெடுந்தொலைவு போகப்போகிறது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், கவிதையில் ஆற்றைப் பார்க்கும் கண்கள் கரையில் இருக்கின்றனவா படகில் இருக்கின்றனவா என்பதே தெரியாமல் போகும்.

அடுத்தது நண்பரின் பெயர். யுவான் இரண்டாமவர், தோங் மூத்தவர், வெய் எட்டாமவர் என்று வரும் பெயர்கள் மொழிபெயர்ப்பில் விந்தையாகத் தெரியலாம். ஒரு குலத்தில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஆண்களை, ஒன்றுவிட்ட சகோதரர்களையும் சேர்த்து, பிறந்த வரிசைப்படி எண்ணி அழைக்கும் வழக்கம் அது. வீட்டாரும் நெருங்கியவர்களும் அழைக்கும் முறையில் கவிஞர் தன் நண்பரை அழைக்கிறார் என்று அறிந்து படிக்கும்போது தலைப்பிலேயே ஓர் அணுக்கம் தென்படும். பெயருக்குப் பதிலாகப் பதவியின் பெயர் நின்றால், அங்கே சற்று மரியாதையான இடைவெளி இருக்கிறது என்று கொள்ளலாம்.

தமிழ் வாசகர் இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சங்க அகப்பாடல்களில் பிரிவைப் படித்துப் பழகிய நமக்கு, தலைவன், தலைவி, தோழி என்ற பெயரற்ற மாந்தரும், நிலமும் பொழுதும் உணர்வைச் சுமந்து நிற்கும் முறையும் நன்கு தெரியும். நிலத்தின் வழியாக உணர்வைப் படிக்கும் அந்தப் பயிற்சி சீனக் கவிதைக்கும் கைகொடுக்கும். ஆனால் அகத்தில் ஒருவரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. சீனப் பிரிவுக் கவிதை பெரும்பாலும் ஆண் நண்பர்கள் இருவருக்கு இடையிலானது; அதில் பெயரும் ஊரும் பதவியும் வெளிப்படையாகவே நிற்கும். அவற்றை ஒதுக்கிவிட்டுத் திணை மட்டும் தேடினால் கவிதையின் பாதி நழுவிவிடும்.

தலைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எதிர்ச் சான்றும் உண்டு. பாய் ஜூயீ இளமையில் எழுதிய புல்வெளிக் கவிதை மிகப் புகழ்பெற்றது. காட்டுத் தீ எரித்தாலும் அழியாத புல் இளவேனிற் காற்று வீசியதும் மீண்டும் முளைக்கிறது என்ற அடிகளைச் சீனப் பள்ளிக் குழந்தைகளும் ஒப்பிப்பார்கள். கவிதை நண்பரை வழியனுப்புவதோடு முடிகிறது. ஆனால் அதன் தலைப்பின் முதற் சொற்கள், அது கொடுக்கப்பட்ட பொருளில் எழுதிய பயிற்சிக் கவிதை என்பதைக் காட்டுகின்றன. அங்கே விடைபெறும் நண்பருக்குப் பெயர் இல்லை. கவிதை நன்றாகவே இருக்கிறது. ஆயினும் பெயர் சொல்லி எழுதிய கவிதைகளில் இருக்கும் பதற்றம் அதில் இல்லாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பார்ப்போம்

வாங் வெய் 761இல் மறைந்தவர். கவிஞர், ஓவியர், இசை அறிந்தவர், பௌத்தப் பற்றாளர். அவர் எழுதிய ஒரு நாலடிக் கவிதையின் தலைப்பு, 'யுவான் இரண்டாமவர் ஆன்சிக்குத் தூது போகையில் வழியனுப்பியது' என்பது. நமக்கு வேண்டிய மூன்று செய்திகளும் தலைப்பிலேயே கிடைத்துவிட்டன: கவிஞர் தங்குகிறார்; நண்பர் நெருங்கியவர்; போகும் இடம் ஆன்சி. சீன மொழியில் ஒவ்வோர் அடியிலும் ஏழு எழுத்துகள், ஏழு அசைகள். நான்கு அசைக்குப் பின் ஒரு சிறு நிறுத்தம், பிறகு மூன்று அசை. அதே வரிசையில் தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்:

வெய் – நகர் – காலை – மழை / நனை – மெல்லிய – புழுதி
விருந்தினர் – விடுதி – பசுமை – பசுமை / வில்லோ – நிறம் – புதிது
வேண்டு – நீர் – மேலும் – முடி / ஒரு – கிண்ணம் – மது
மேற்கு – வெளியேறு – யாங் – கணவாய் / இல்லை – பழைய – மனிதர்

இப்போது நிலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெய் நகர் என்பது தலைநகர் சாங்ஆனுக்கு வடமேற்கே, வெய் ஆற்றின் மறுகரையில் இருந்த ஊர். மேற்கே போகிறவர்களை வழியனுப்ப வருபவர்கள் அதுவரை கூட வருவார்கள். கவிஞர் தலைநகர் வாயிலிலேயே விடைபெறாமல் ஆற்றைக் கடந்து வந்து, நண்பரோடு இரவு விடுதியில் தங்கியிருக்கிறார் என்பதை அந்த இடப்பெயரும் 'காலை' என்ற சொல்லும் சேர்ந்து உணர்த்துகின்றன. யாங் கணவாய், துன்ஹுவாங்குக்கு அருகே பாலைவன ஓரத்தில் இருந்த எல்லைக் காவல் வாயில். சாங்ஆனிலிருந்து சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கும் மேல். நண்பர் போக வேண்டிய ஆன்சி அதற்கும் அப்பால், இன்றைய சின்ஜியாங் பகுதியில் இருந்த தாங் அரசின் எல்லை ஆட்சிப்பகுதி.

முதல் அடியில் மழை பெய்கிறது. ஆனால் பயணத்தைத் தடுக்கும் மழை அன்று. புழுதியை அடக்கும் அளவுக்கே பெய்த மழை. சாலை பயணத்துக்கு ஏற்றதாகிவிட்டது. 'இன்று மழை, நாளைக்குப் போகலாம்' என்று சொல்வதற்கு வானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டாம் அடியில் மழை கழுவிய வில்லோ புத்தம் புதிதாக நிற்கிறது. பாலை நோக்கிப் போகிறவர் இந்தப் பசுமையைக் கடைசியாகப் பார்க்கிறார். இந்த இரண்டு அடிகளிலும் மனிதர் எவரும் இல்லை, வருத்தம் என்ற சொல்லும் இல்லை.

மூன்றாம் அடியின் உயிர் 'மேலும்' என்ற சொல்லில் இருக்கிறது. விருந்து ஏற்கெனவே முடிந்துவிட்டது, பல கிண்ணங்கள் காலியாகிவிட்டன, விடை சொல்லியாகிவிட்டது, நண்பர் எழுந்துவிட்டார். அந்த நேரத்தில் 'இன்னும் ஒன்று' என்கிறார் கவிஞர். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்த பின்பு, ஒரு கிண்ணம் குடிக்கும் நேரம் மட்டும் நண்பரை நிறுத்திவைக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் நான்காம் அடி: யாங் கணவாயைத் தாண்டினால் பழகியவர் எவரும் இல்லை. அவர் தன் துயரத்தைச் சொல்லவில்லை, நண்பரின் தனிமையைச் சொல்கிறார். தாங் காலப் பிரிவுக் கவிதையின் பண்பாட்டை ஒரே அடியில் காட்டச் சொன்னால் நான் இந்த அடியைத்தான் காட்டுவேன்.

இக்கவிதை எழுதப்பட்ட காலத்தையொட்டியே பாட்டாகிவிட்டது. அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடியதனால் 'யாங் கணவாயின் மூன்று மடக்கு' என்ற பெயரும் அதற்கு வந்தது. வாங் வெய்க்கு இரண்டு தலைமுறைக்குப் பிந்திய பாய் ஜூயீ, மது வேண்டாம் என்று மறுக்காமல் யாங் கணவாய்ப் பாட்டின் நான்காம் ஒலியைக் கேட்குமாறு தன் விருந்தினரை வேண்டுகிறார். சின் என்னும் ஏழு நரம்பு இசைக்கருவியில் இதே பெயர் கொண்ட இசையை இன்றும் வாசிக்கிறார்கள். பாட்டான பிறகு கவிதைக்கு 'வெய் நகர்ப் பாட்டு' என்று வேறொரு தலைப்பும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டு இன்றுவரை வீடுதோறும் படிக்கப்படும் 'தாங் கவிதைகள் முந்நூறு' என்ற தொகுப்பு இந்தச் சுருக்கத் தலைப்பையே கொடுக்கிறது. அதில் யுவான் இரண்டாமவரும் இல்லை, ஆன்சியும் இல்லை. உங்கள் கையிலுள்ள மொழிபெயர்ப்பு அந்தத் தலைப்பைக் கொண்டிருந்தால், பழைய நீண்ட தலைப்பை ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு படியுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் பொருள்கள்

சில பொருள்களின் வழக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வில்லோவைக் குறிக்கும் சீனச் சொல்லின் ஒலி, 'தங்கு' என்ற சொல்லின் ஒலியை ஒத்தது. போகிறவர் கையில் வில்லோக் கொம்பை ஒடித்துக் கொடுப்பது வழக்கம். சாங்ஆனுக்குக் கிழக்கே இருந்த பா பாலம் இதற்குப் பெயர் போன இடம். சாலையோர மண்டபங்கள், காற்றில் உருண்டோடும் வேரற்ற புதர், தெற்கு நோக்கிப் பறக்கும் வாத்துக் கூட்டம், மலைகளுக்கு இடையே குரங்கின் அழுகுரல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, 'வில்லோ வந்தால் பிரிவு' என்று குறித்துக்கொண்டு கடந்துபோவது பயன்தராது. கவிஞர் அந்த வழக்கை என்ன செய்திருக்கிறார் என்பதே கேள்வி. வாங் ஜீஹுவான் ஒரு நாலடியில், அண்மைக்காலமாக வில்லோக் கொம்பை ஒடிப்பது கடினமாகிவிட்டது, பிரிவுகள் மிகுந்துபோனதனால் இருக்கலாம் என்கிறார். கைக்கெட்டும் கொம்புகளையெல்லாம் முன்னே வந்தவர்கள் ஒடித்துவிட்டார்கள். தன் நண்பரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாமல், ஓர் ஊரின் பிரிவுகள் அனைத்தையும் ஒடிபட்ட மரங்களில் காட்டிவிட்டார். லி பாயோ, வழியனுப்பு மண்டபம் ஒன்றைப் பாடும்போது, பிரிவின் துன்பம் இளவேனிற் காற்றுக்குத் தெரியும், அதனால்தான் அது வில்லோக் கொம்பைப் பசுமையாக்காமல் வைத்திருக்கிறது என்கிறார். கொம்பு தளிர்த்தால்தானே ஒடிக்க முடியும்? ஒரே வழக்கை ஒருவர் முடிந்துபோன இடத்திலும் மற்றவர் தொடங்காத இடத்திலும் பிடித்திருக்கிறார்கள்.

புல்லும் அப்படித்தான். இளவேனிற் புல் செழித்து வளர்ந்தும் ஊர் சுற்றப் போன இளவரசன் திரும்பவில்லை என்ற பழைய பாடலடி ஒன்று, சூ நாட்டுப் பாடல் மரபிலிருந்து வருவது. வாங் வெய் அதை எடுத்து, மலையில் நண்பரை வழியனுப்பிய கவிதையில் வைக்கிறார். வழியனுப்பி முடிந்தது, பொழுது சாய்ந்தது, விறகுக் கதவைச் சாத்தினேன், அடுத்த ஆண்டு இளவேனிலில் புல் பசுக்கும், நீர் வருவீரா, மாட்டீரா? இக்கவிதையில் விடைபெறும் காட்சி முற்றிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் அடியிலேயே நண்பர் போய்விட்டார். கேட்க வேண்டிய கேள்வி நண்பர் எதிரே நின்றபோது வாயில் வரவில்லை. கதவைச் சாத்திய பிறகு வருகிறது, பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில்.

கண் எங்கே நிற்கிறது

லி பாய் (701–762) தன்னைவிட மூத்தவரான மெங் ஹாவ்ரானை மஞ்சள் நாரைக் கோபுரத்தில் வழியனுப்பிய கவிதையை, இரண்டாவது பாடமாக வைத்துக்கொள்ளலாம். கோபுரம் இன்றைய வூஹானில் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கிறது. மெங் ஹாவ்ரான் கிழக்கே, ஆற்றின் போக்கிலேயே, அன்று செல்வச் செழிப்பும் கேளிக்கையும் நிறைந்திருந்த யாங்ஜோவுக்குப் போகிறார். மாதம் மூன்றாம் மாதம். பூக்கள் புகைபோல் படர்ந்திருக்கும் பருவம். அதாவது இந்தப் பயணம் தண்டனையன்று. போகிறவர் மகிழ்ச்சியாகவே போகிறார். கவிதையின் முதல் இரண்டு அடிகள் அந்தக் களிப்பைத் தயங்காமல் சொல்கின்றன.

பின்னிரண்டு அடிகளில் கவிஞர் ஒன்றுமே சொல்வதில்லை, பார்க்கிறார். தனிப் பாய் ஒன்று, அதன் தொலைவு நிழல், அது நீல வானில் முடிந்துபோகிறது. பிறகு காண எஞ்சியிருப்பது வானத்தின் ஓரத்துக்கு ஓடும் யாங்சி மட்டுமே. படகு ஒன்று அவ்வளவு பெரிய ஆற்றில் கண்ணுக்கு மறைய எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வளவு நேரமும் அவர் கோபுரத்தில் நின்றிருக்கிறார். மறைந்த பிறகும் நின்றிருக்கிறார், ஏனெனில் ஆறு ஓடுவதை அதன்பின்தான் கவனிக்கிறார். யாங்சியில் அன்று வேறு பாய்மரங்கள் இல்லாமலா இருந்திருக்கும்? அவர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது.

இந்தப் பார்வைக்கு முன்னோடி உண்டு. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையில், சிறகு விரித்துப் பறக்கும் தகைவிலான் குருவிகளோடு தொடங்கும் ஒரு பாடலில், பிரிந்து போகும் பெண்ணைக் கண்ணுக்கெட்டாத தொலைவு வரை பார்த்து நின்று, மழைபோலக் கண்ணீர் வடித்ததாக வரும். லி பாய் பார்வையை எடுத்துக்கொண்டு கண்ணீரை விட்டுவிட்டார். பழைய பாடலை அறிந்த அவர் காலத்து வாசகருக்கு, சொல்லாமல் விட்ட கண்ணீர் தானே தெரிந்திருக்கும். சீனக் கவிதையின் மேற்கோள்கள் பெரும்பாலும் இப்படி வேலை செய்கின்றன. ஆகவே நல்ல உரையுள்ள பதிப்பைத் தேடி, பழைய அடி எது, அதில் எதைக் கவிஞர் விட்டார் என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

எட்டடிக் கவிதைகளில் கண்ணைப் போலவே இணையடிகளையும் கவனிக்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டு இணைகளும் சொல்லுக்குச் சொல் எதிரெதிரே அமைய வேண்டும் என்பது விதி. லி பாயின் 'நண்பரை வழியனுப்பியது' என்ற கவிதையில், மிதக்கும் மேகம் – பயணியின் மனம், சாயும் கதிரவன் – பழைய நண்பரின் அன்பு என்று இரண்டு அடிகள் எதிரெதிரே நிற்கின்றன. 'போல' என்ற உவமை உருபு எங்கும் இல்லை. முதல் இணையிலோ நகரின் வடக்கே பசுமலை குறுக்கே நிற்கிறது, கிழக்கே வெண்ணீர் சுற்றி ஓடுகிறது. நிற்பது ஒன்று, போவது ஒன்று. கடைசியில் இருவரும் கையசைக்கிறார்கள், குதிரைகள் கனைக்கின்றன, மனிதர்கள் பேசுவதில்லை.

ஆறுதல் சொல்லும் கவிதைகள்

பிரிவைத் துணிவோடு ஏற்கச் சொல்லும் கவிதைகளே பொன்மொழிகளாக மாறிப் பரவியிருக்கின்றன. 650இல் பிறந்து 676இல் இறந்த வாங் போ, சிச்சுவான் பகுதிக்குப் பதவியேற்கப் போகும் து என்ற அதிகாரிக்கு எழுதியது அவற்றுள் முதன்மையானது: கடல் சூழ்ந்த நாட்டுக்குள் மனம் அறிந்த நண்பர் ஒருவர் இருந்தால், வானத்தின் மறுகோடியும் பக்கத்து வீடுபோல. இந்த இரண்டு அடிகளை மட்டும் வாழ்த்து அட்டையில் படித்தால் அது எளிய தேறுதலாகத் தோன்றும். ஆனால் அதற்கு முந்திய அடி, நாம் இருவருமே பதவிக்காக ஊர்விட்டு ஊர் அலைபவர்கள் என்கிறது. வழியனுப்புகிறவருக்கும் தலைநகர் சொந்த ஊரன்று. நாளை அவரும் போக வேண்டியவர். மேலும் அந்தக் கருத்தின் வேர், மூன்றாம் நூற்றாண்டில் சாவ் ஜீ தன் தம்பிக்கு எழுதிய கவிதையில் இருக்கிறது. 223இல், தலைநகரிலிருந்து தத்தம் நிலப்பகுதிகளுக்குத் திரும்பும் அரச குடும்பத்துச் சகோதரர்கள் இருவரும் ஒரே வழியில் சேர்ந்து பயணம் செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டபோது, ஆண்மகனின் உள்ளம் நாற்கடலையும் தழுவியது, பத்தாயிரம் லி (சீனத் தொலைவு அளவை) தொலைவும் அண்டை வீடே என்று அவர் எழுதினார். வாங் போவின் நிமிர்ந்த குரலுக்குப் பின்னால் அந்தப் பழைய கசப்பும் கேட்கிறது.

காவ் ஷீ எழுதிய இன்னொரு கவிதையும் இப்படியே. தோங் மூத்தவர் என்ற நண்பருக்கு, மஞ்சள் மேகமும் வாடைக் காற்றும் பனிப்பொழிவும் சூழ்ந்த நிலத்தில், முன்னே செல்லும் வழியில் உம்மை உணர்ந்தவர் இல்லையே என்று வருந்தாதீர், வையகத்தில் உம்மை அறியாதவர் யார் என்று சொல்கிறார். இந்தத் தலைப்பில் உள்ளவை இரண்டு கவிதைகள். பலரும் ஒன்றையே படிக்கிறார்கள். மற்றதில், தலைநகரை விட்டுப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது, இன்று சந்தித்தும் மது வாங்கக் காசில்லை என்று வருகிறது. கையில் காசில்லாத இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்த்து 'உம்மை அறியாதவர் யார்' என்று சொல்வதாக அடுத்தடுத்துப் படிக்கும்போது, அந்தப் பெருமித அடியின் எடை பல மடங்காகிறது.

வாங் சாங்லிங் தாமரைக் கோபுரத்தில் சின் ஜியானை வழியனுப்பியபோது போகிறவருக்கு ஆறுதல் தேவைப்படவில்லை, தேவைப்பட்டது தங்கியிருப்பவருக்கு. லுவோயாங்கில் உறவினரும் நண்பரும் என்னைப் பற்றிக் கேட்டால், பச்சைக்கல் குடத்துக்குள் ஒரு துண்டு பனிக்கட்டிபோல் தெளிந்த உள்ளம் என்று சொல்லும் என்கிறார். பழிச்சொல்லுக்கு உள்ளான ஓர் அதிகாரி, நண்பரின் பயணத்தைத் தன் வாக்குமூலமாக அனுப்புகிறார்.

ஒரு நட்பை ஆண்டு வரிசையில் படியுங்கள்

தனிக் கவிதைகளில் கை பழகிய பிறகு செய்ய வேண்டியது, இருவருக்கு இடையிலான கவிதைகளைக் கால வரிசையில் வைத்துப் படிப்பது. லி பாயும் து ஃபூவும் (712–770) 744இல் லுவோயாங்கில் சந்தித்தார்கள். மறு ஆண்டு, இன்றைய ஷான்தோங் பகுதியில், கல்வாயில் என்ற இடத்தில் பிரிந்தார்கள். அப்போது லி பாய் எழுதியது, மீண்டும் எப்போது இந்தக் கல்வாயில் பாதையில் பொற்கிண்ணம் திறப்போம், காற்றில் பறக்கும் புதர்கள்போல் விலகப்போகிறோம், கையிலுள்ள கிண்ணத்தைக் காலியாக்குவோம் என்பது. அவர்கள் மீண்டும் சந்திக்கவேயில்லை.

755இல் ஆன் லூஷான் என்ற படைத்தலைவரின் கிளர்ச்சி வெடித்தது. இளவரசர் ஒருவரின் பக்கம் சேர்ந்ததற்காக லி பாய் தென்மேற்கே யேலாங்குக்கு நாடுகடத்தப்பட்டார். 759இல் வடமேற்கு எல்லை ஊர் ஒன்றில் இருந்த து ஃபூ, மூன்று இரவு தொடர்ந்து அவரைக் கனவில் கண்டு இரண்டு கவிதைகள் எழுதினார். சாவினால் வரும் பிரிவில் அழுகை அடங்கிவிடுகிறது, உயிரோடு பிரிந்த பிரிவோ ஓயாமல் வருத்துகிறது என்பது தொடக்கம். சாயும் நிலவின் ஒளி வீட்டு உத்தரத்தில் நிறைந்திருக்க, அது இன்னும் நண்பரின் முகத்தின் மேல் விழுவதாகவே ஐயுறுகிறேன் என்கிறார். லி பாய் அந்த ஆண்டிலேயே வழியில் மன்னிக்கப்பட்டுவிட்டார். செய்தி து ஃபூவுக்கு எட்டவில்லை.

அதே ஆண்டில் து ஃபூ வெய் எட்டாமவர் வீட்டில் ஓரிரவு தங்கி எழுதிய கவிதையையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மனிதர் வாழ்வில் சந்திக்காமல் போவது ஷென், ஷாங் என்ற விண்மீன்கள்போல என்று அது தொடங்குகிறது. ஷென் என்பது திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலத்து மீன்கள். ஷாங் என்பது கேட்டை. ஒன்று எழும்போது மற்றது மறைந்துவிடும். கவிதை முழுவதும் மறுசந்திப்பு: அன்று திருமணமாகாதிருந்த நண்பருக்கு இன்று வரிசையாகப் பிள்ளைகள், இரவு மழையில் தோட்டத்து இளங்கீரையைக் கொய்து வந்து, தினை கலந்த சோறு புதிதாக வடிக்கிறார்கள், பத்துக் கிண்ணம் குடித்தும் போதை ஏறவில்லை. கடைசி இரண்டு அடிகளில்தான் நாளை மலைகள் நம்மைப் பிரிக்கும் என்று வருகிறது. பிரிவுக் கவிதை என்று தலைப்பு சொல்லாத இடத்திலும் பிரிவு இருக்கும் என்பதற்கு இது சான்று.

பாய் ஜூயீக்கும் யுவான் ஜென்னுக்கும் இடையிலான கவிதைகள் ஏராளம். 803இல் ஒரே தேர்வில் தேறி ஒரே அலுவலகத்தில் பணியேற்றவர்கள். 815இல் இருவரும் வெவ்வேறு திசைக்குப் பதவி இறக்கி அனுப்பப்பட்டார்கள். யுவான் ஜென் சாகும் தறுவாயில் நோயுற்றுக் கிடந்தபோது, நண்பர் தண்டிக்கப்பட்ட செய்தி வந்தது. அப்போது அவர் எழுதிய கவிதையில் அணையும் விளக்கு, ஆடும் நிழல். செய்தி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்கிறார். இருட்காற்று மழையைக் குளிர்ந்த சன்னலுக்குள் அடிக்கிறது. எழுந்து உட்கார்ந்தவர் என்ன நினைத்தார் என்பது கவிதையில் இல்லை. பிறர்கூடக் கேட்கத் தாளாத அடி இது, என் மனம் எப்படித் தாங்கும் என்று பாய் ஜூயீ பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். அவரோ தெற்கு நோக்கிய படகில் யுவானின் கவிதைச் சுருளை விளக்கில் படித்து, கவிதை தீர, விளக்கும் தீர, கண் வலித்து அதை அணைத்துவிட்டு, எதிர்க்காற்றில் அலை படகை மோதும் ஒலியைக் கேட்டபடி இருட்டில் உட்கார்ந்திருந்தார். 819இல் யாங்சியின் மலையிடுக்குப் பகுதியில் இருவரும் தற்செயலாகச் சந்தித்து மூன்று இரவு சேர்ந்திருந்தார்கள். 831இல் யுவான் இறந்தார். ஒன்பது ஆண்டுக்குப் பின் பாய் அவரைக் கனவில் கண்டு எழுதினார்: நீர் மண்ணுக்கடியில், சேறு எலும்பைக் கரைக்கிறது, நான் மனிதருலகில் தங்கியிருக்கிறேன், தலை நிறையப் பனி.

இத்தனையும் ஆண்களின் குரல். செங்து நகரில் வாழ்ந்த ஷுவே தாவ் என்ற பெண் கவிஞரின் 'நண்பரை வழியனுப்பியது' என்ற நாலடியையும் விடாமல் படியுங்கள். நீர்நாட்டு நாணல்களில் இரவுப் பனி, குளிர்ந்த நிலவு, சாம்பல் மலை என்று விரியும் அக்கவிதை, இன்றிரவிலிருந்து நமக்குள் ஆயிரம் லி தொலைவு என்பதை ஏற்க மறுத்து, கனவாவது எல்லைக் கோட்டை வரை போகுமா என்று தயங்குகிறது. அதிகாரிகளுக்கு இடமாற்ற ஆணை வரும். விருந்தில் கவிதை சொல்லும் அவருக்கு அந்த ஆணை ஒருபோதும் வராது. வந்தவர்களை வழியனுப்பிக்கொண்டே இருந்தவர் அவர்.

தொடங்குவதற்கு ஒரு வரிசை வேண்டுமென்றால், வாங் வெய்யின் ஆன்சிக் கவிதை, லி பாயின் கோபுரக் கவிதை, வாங் போ, காவ் ஷீயின் இரண்டும் சேர்த்து, பிறகு து ஃபூ என்று போகலாம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வையுங்கள். அவை வேறுபடும் இடத்தில் மூலச்சொல் என்ன என்று உரையில் தேடுங்கள். தாங் காலம் கைவந்த பிறகு சோங் காலத்துக்குப் போய், சூ ஷீ 1076இல் நடு இலையுதிர்கால முழுநிலவில் தன் தம்பியை நினைத்து எழுதிய பாடலைப் படிக்கலாம். அது இசைக்கேற்ப அடிகள் நீண்டும் குறுகியும் வரும் வேறு யாப்பு என்பதால், இங்கே சொன்ன நாலடி, எட்டடிக் கணக்குகளை அதற்குப் பொருத்த வேண்டாம்.